பிள்ளை உள்ளே உறங்குகிறார்

கொடகவெலவுக்கும் ஓப்பநாயக்கவுக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரை நகரசபை மூன்று மொழிகளில் மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறது. எது சரி என்று எனக்குத் தெரியாததால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். ஊரில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரமும் இரண்டு வங்கிகளும் ஒரு பஸ் நிலையமும் எந்நேரமும் தோண்டிக் கிடக்கும் ஒரு வீதியும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது மரபுரிமை.

பக்கத்து ஊரில் மரபுரிமை இருந்தது. அங்கே உடைந்த சுவர் ஒன்றும், அதைக் கட்டியதாகச் சொல்லப்படும் வீரர் ஒருவரும் இருந்தார்கள். அதனால் கொழும்பிலிருந்து வரும் சுற்றுலா வான்கள் அங்கே நின்றன. எங்கள் ஊரைக் கண்டதும் அவை வேகத்தைக் கூட்டின. இந்த அவமானத்தைத் துடைப்பதற்காகவே 'சிறுநகர மரபுரிமை மற்றும் குடும்பக் களிப்பு வலய அபிவிருத்திச் சபை' அமைக்கப்பட்டது. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும் என்பதால் இனிச் சபை என்றே சொல்கிறேன்.

ஊர் எல்லையில் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்குச் சொந்தமான நான்கு ஏக்கரைத் தோட்டக் கம்பனி சபைக்குக் கொடுத்தது. சபை அதில் ஒரு கொங்கிரீட் தேநீர்க் கேத்தலைக் கட்டியது. அதன் மூக்கிலிருந்து தண்ணீர் கொட்ட வேண்டும். கட்டிய நாள் முதல் கொட்டவில்லை. அடுத்து ஒரு டைனோசர் வந்தது. எங்கள் மாவட்டத்தில் டைனோசர் இருந்ததற்கு ஆதாரம் இல்லையே என்று யாரோ கேட்டபோது, இல்லாததற்கும் ஆதாரம் இல்லை என்று சபை ஏகமனதாகத் தீர்மானித்தது. டைனோசரை நாற்பது வினாடியில் சுற்றி வர ஒரு சின்ன ரயிலும் விட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவே தகரக் கூரை போட்ட பழைய கருங்கல் கட்டிடம் ஒன்று நின்றது. அதன் பொறுப்பாளர் மேர்சி. வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடங்களாகக் காலை ஆறரைக்குக் கதவைத் திறந்து, கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் சின்னக் குழந்தைகளை வாங்கி, தூளி கட்டித் தூங்க வைத்து, அந்திக்குத் திருப்பிக் கொடுப்பவர். இப்போது அவரிடம் பதினேழு பேர் இருந்தார்கள். நகரத்தில் இதற்குப் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் என்று பெயர். தோட்டத்தில் புள்ளக்காம்பரா. அது ஒரு நாள் பூட்டிக் கிடந்தால் பதினேழு பெண்கள் மலைக்குப் போக முடியாது. மலைக்குப் போகாதவளுக்கு அன்றைக்குப் பேர் விழாது, அதாவது நாட்சம்பளம் இல்லை. பேர் விழாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம்.

சபையின் பணிப்பாளர் கருணாதிலக்க ஒரு நாள் கம்பனி கொடுத்த பழைய ஆங்கில வரைபடத்தை விரித்துப் பார்த்தார். அந்தக் கருங்கல் கட்டிடத்தின் மேல் 'பில்லே காம்ப்ரா, 1911' என்று வெள்ளைக்காரன் ஒருவன் அவசரமாக எழுதியிருந்தான். உடனே சபையின் ஒரே தமிழ் அலுவலரான கேதீசனைக் கூப்பிட்டார். கேதீசன் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம். தோட்டத்தைப் பஸ் யன்னலால் மட்டும் பார்த்தவர்.

யாழ்ப்பாணத்திலும் பிள்ளை என்றால் பிள்ளைதான். கேதீசன் அதை அறியாதவர் அல்ல. ஆனால் பத்திரத்தில் ஒரு சொல் பெரிய எழுத்தில் தொடங்கினால் அது பெரிய மனிதர் என்று அலுவலகம் அவருக்குப் பழக்கியிருந்தது. "பிள்ளை என்பவரின் அறை, ஐயா" என்றார். பணிப்பாளரின் முகம் மலர்ந்தது. பக்கத்து ஊரில் ஆளுக்குச் சுவர்தான் இருந்தது. இங்கே ஆளுக்கு அறையே இருக்கிறது.

தகவல் சேகரிக்கக் கேதீசன் நேரில் போனார். பகல் ஒரு மணி. மேர்சி வாசல்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கட்டிடத்துக்கு என்ன பேர் அம்மா?"

"புள்ளக்காம்பராங்க."

வரைபடமும் வாய்மொழியும் பொருந்தின. கேதீசன் பேனாவைத் திறந்தார். "பிள்ளை எப்பிடிப்பட்டவர் எண்டு கொஞ்சம் சொல்லுங்கோ."

சுகாதாரப் பகுதியிலிருந்து யாரோ படிவம் நிரப்ப வந்திருக்கிறார் என்று மேர்சி நினைத்தார். "எப்பிடின்னா என்னாங்க சொல்றது. ஒரு நாளைக்கு ஒரு மாதிரி. காலையில ஒருக்கா அழும், அந்திக்கு ஒருக்கா அழும். பாக்குற நமக்கே கண்ணு கலங்கிரும்."

"உடுப்பு விசயத்திலை?"

"அதுக்கு உடுப்பே புடிக்காதுங்க. போட்டு விட்டாலும் கழட்டி வீசிரும்."

"சாப்பாடு?"

"திரிபோஷா சத்துமாதாங்க. புடிக்கலன்னா மூஞ்சியிலயே துப்பும். யாரு எவருன்னு பாக்காது."

இவ்வளவு பெரிய மனிதரை அஃறிணையில் பேசுகிறாரே என்று கேதீசனுக்கு வருத்தம். எழுதும்போது 'அது' எல்லாவற்றையும் 'அவர்' ஆக்கினார். கடைசியாக, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"இப்ப வேணாங்க. தூங்குது" என்று மேர்சி குரலைத் தாழ்த்தினார். "எழும்பிருச்சின்னா அப்பறம் யாராலயும் அடக்க ஏலாது."

நூறு வருடத்துக்கு மேலாக உறங்கும் ஒருவரைப் பற்றி இவ்வளவு உறுதியாக யாரும் கேதீசனிடம் பேசியதில்லை. அவர் சத்தமில்லாமல் பின்வாங்கி வந்து பஸ் ஏறினார்.

ஒரு மாதத்தில் 'மாமனிதர் பிள்ளை: ஒரு சுருக்க வரலாறு' மூன்று மொழிகளில் அச்சாகி வந்தது. ஆடம்பர உடைகளை வெறுத்தவர், ஏழைகளின் துயர் கண்டு காலையும் மாலையும் கண்ணீர் சிந்தியவர், தமக்கு ஒவ்வாததை எவர் முகத்திலும் தயங்காது காறித் துப்பியவர், இன்றும் தம் அறையுள் உறங்குவதாக மக்களால் நம்பப்படுபவர் என்று அதில் இருந்தது. கேதீசனுக்குச் சிறந்த கண்டுபிடிப்புக்கான சான்றிதழ் கிடைத்தது. சிலையும் வந்தது. தலைப்பாகை, மீசை, முழங்கால் வரை கோட்டு, முன்னே நீட்டிய வலது கை. கை எதைக் காட்டுகிறது என்று சிற்பியிடம் கேட்டார்கள். எதிர்காலத்தை என்றார் அவர். வைத்த இடத்தில் அது பொதுக் கழிப்பறையைக் காட்டியது.

மேர்சிக்கு வந்தது ஒரு கடிதமும் ஒரு பலகையும். பதினான்கு நாட்களுக்குள் கட்டிடத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது கடிதம். அவருடைய பராமரிப்பில் உள்ள சிறுவர்கள் நுழைவுச்சீட்டுப் பெற்றுக் குடும்பக் களிப்பு வலயத்தில், அதாவது டைனோசருக்குக் கீழே, பகலைக் கழிக்கலாம் என்றும் அதில் இருந்தது. பலகையை வாசலில் நட்டார்கள். அதில் எழுதியிருந்தது இது:

'பிள்ளைக் காம்பரா. பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.'

மேர்சி அதை மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் சத்தமாக வாசித்தார். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு சபைக்குப் போனார்.

மேர்சிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஐயா, பிள்ளைகள் என்ற பொருளில் "மாத்தயா, லமயி" என்று அவர் தொடங்கியதுமே பணிப்பாளர் கையை உயர்த்தித் தடுத்தார். தமிழ்ப் பொதுமகள் தமிழில் முறையிடுவது அவரது உரிமை, அந்த உரிமையை மீற இந்த அலுவலகம் ஒருபோதும் இடம் கொடாது என்றார். அதைக் கேதீசன் தமிழில் சொல்லி முடிக்கும்வரை மேர்சி காத்திருக்க வேண்டியதாயிற்று.

"சரிங்க, தமிழ்லயே சொல்றேன்" என்றார் மேர்சி. "பிள்ளைன்னு ஒரு ஆளே இல்லீங்க. புள்ளக்காம்பரான்னா புள்ளைங்கள பாத்துக்கிற காம்பரா. சின்னப் புள்ளைங்க. இன்னைக்கும் பதினேழு இருக்கு. நீங்க அன்னைக்கு வந்து கேட்டப்ப அதுங்கதான் உள்ள தூங்கிக்கிட்டிருந்திச்சிங்க."

கேதீசன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். அவர் கண் சுவரில் தொங்கிய சான்றிதழுக்குப் போய்த் திரும்பியது. பிறகு அப்படியே சிங்களத்தில் சொன்னார். ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. அந்த மனிதரைப் பற்றி நான் முதல் தடவையாக நல்லதாக நினைத்தது அப்போதுதான்.

பணிப்பாளர் கோபப்படவில்லை. புன்னகைத்தார். அவர் பேசியதைக் கேதீசனின் தமிழிலேயே தருகிறேன்:

"நீங்கள் கூறுவது உண்மையாக இருக்கலாம். நான் உண்மையை எதிர்ப்பவன் அல்லன். ஆனால் அது கோப்பில் இல்லை. ஒரு பிள்ளை இருந்தமைக்கு வரைபடம் இருக்கிறது, நூல் இருக்கிறது, சிலை இருக்கிறது. பதினேழு பிள்ளைகள் இருப்பதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது? மரபுரிமை மக்களுடைய சொத்து. மக்கள் உள்ளே புகுந்தால் அது பழுதாகிவிடும். ஆகவே மக்களுக்காகவே மக்களை வெளியேற்றுகிறோம். இதற்காக ஒரு நாள் நீங்கள் எமக்கு நன்றி சொல்வீர்கள்."

"மாட்டேங்க" என்றார் மேர்சி. இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்று அந்தியில் பதினேழு தாய்மாரும் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து பலகையைச் சுற்றி நின்றார்கள். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. அவர்களில் விஜயகலா என்பவள் பலகையைப் பிடுங்கி அடுப்பில் வைக்கலாம் என்றாள். அவளை அடக்குவதே பெரும்பாடாகப் போயிற்று. தோட்டத்து மனேஜர் துரையிடம் போனார்கள். காணி கைமாறிவிட்டது, இனி எனக்குச் சம்பந்தமில்லை என்றார். தொழிற்சங்கத்துக்குப் போனார்கள். தலைவர் திறப்பு விழாவில் மாலை போட அழைக்கப்பட்டிருந்ததால் அவரும் நாசூக்காக நழுவிவிட்டார்.

பத்தாம் நாள் சபை தானாகவே வழியைத் திறந்துவிட்டது. அத்தகைய உதவியை எதிரியால் மட்டுமே செய்ய முடியும்.

சபைக்குக் காவலாளி வைக்க மனமில்லை. பக்கத்து ஊர் வீரருக்கு இரண்டு கொள்ளுப்பேரர்கள் இருந்தார்கள் என்பதும் பணிப்பாளரின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. எனவே காம்பரா வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டினார்கள். 'பிள்ளையின் நேரடி உறவினர்கள் திறப்பு விழாவில் கௌரவிக்கப்படுவர். காம்பராவின் சாவியும் பராமரிக்கும் உரிமையும் அவர்களுக்கே நிரந்தரமாக வழங்கப்படும். இணைக்கப்பட்ட படிவத்தை நிரப்புக.'

பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி வந்த தாய்மாரில் ஒருத்தியான ஹில்டா படிவத்தைக் கிழித்துக் கையில் எடுத்தாள். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். மகன் ஜெறோமை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாதியில் நின்றாள்.

"மேர்சியக்கா, இங்க பாருங்க. 'பிள்ளைக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு'ன்னு கேக்குது."

"கேட்டா?"

"நான் அம்மா. அம்மான்னு எழுதலாம்ல?"

மேர்சிதான் முதலில் சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் குழந்தைகள் தூங்கும்போது அவர் சத்தம் போட்டது அன்று மட்டும்தான்.

"ஆதாரம் இணைக்கணுமாம்" என்றாள் ஹில்டா.

"கிளினிக் கார்டு இருக்குல்ல. 'பிள்ளையின் பெயர்'னு கவருமெண்டே அச்சடிச்சி குடுத்திருக்கு" என்றாள் விஜயகலா. பலகையை எரிக்கும் எண்ணத்தை அவள் அப்போதுதான் கைவிட்டாள்.

மறுநாள் காலை பதினேழு பேரும் வரிசையாகச் சபையின் கவுண்டருக்கு முன்னால் நின்றார்கள். அன்றைக்கு ஒருவருக்கும் பேர் விழாது என்று தெரிந்தே நின்றார்கள். கவுண்டருக்கு உள்ளே கேதீசன். முதல் படிவத்தை எடுத்தார். உறவு: தாய். பிள்ளை பிறந்த திகதி என்ற இடத்தில் இரண்டரை வருடத்துக்கு முந்திய ஒரு திகதி. பிள்ளையின் தொழில் என்ற இடத்தில் 'இல்லை'. சாவியை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற இடத்தில் மேர்சி. இரண்டாவதும் அப்படியே. பதினேழும் அப்படியே.

அவர் எழுந்து போய் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். பிள்ளை இறந்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. ஒருவராக இருக்க வேண்டும் என்றும் சொல்லப்படவில்லை. திரும்பி வந்து முத்திரையை மையில் அழுத்தினார்.

"இதிலை பிழை ஒண்டும் இல்லை" என்றார் மேர்சியின் முகத்தைப் பார்க்காமல். "நாலாம் பக்கத்திலை மட்டும் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. அதையும் போடுங்கோ. பேந்து ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லக்கூடாது."

"தம்பி, ஒங்க சான்றிதழ்?" என்றார் மேர்சி.

"அது கிடக்கட்டும் அம்மா."

பணிப்பாளருக்கு அவர் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும் அனுப்பினார். 'உறவினர்கள் 17. அனைவரும் மிக நேரடியான உறவு. ஆவணங்கள் சரி.' பணிப்பாளர் இணைப்புகளை வாசிக்கும் பழக்கம் இல்லாதவர். பதினேழு என்ற எண்ணைக் கண்டதும், பக்கத்து ஊரின் இரண்டை நினைத்து, வழக்கத்தைவிடப் பெரிதாகக் கையெழுத்திட்டார்.

திறப்பு விழா காலை ஒன்பது மணிக்கு. பிரதம அதிதி பதினொன்றேகாலுக்கு வந்தார். அதற்குள் பாடசாலை பாண்ட் குழுவில் இரண்டு பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. சின்ன ரயில் பிரதம அதிதியை ஏற்றிக்கொண்டு டைனோசரைச் சுற்றியது. பணிப்பாளர் தன் உரையில், கடந்த காலத்தைப் பாதுகாப்பதே தன் ஒரே நோக்கம் என்றும், அது கிடைக்காத இடங்களில் உற்பத்தி செய்யவும் சபை தயங்காது என்றும் சொன்னார். பலத்த கரகோஷம் எழுந்தது.

பிறகு உறவினர்களை மேடைக்கு அழைத்தார்கள்.

"பிள்ளையின் தாய், திருமதி ஹில்டா" என்று வாசித்தார் கேதீசன். ஹில்டா ஜெறோமுடன் ஏறினாள். பிரதம அதிதி பொன்னாடை போர்த்தினார். "பிள்ளையின் தாய், திருமதி விஜயகலா." அவளும் தன் மகளுடன் ஏறினாள். மூன்றாவது தாய் ஏறும்போதே பணிப்பாளரின் புன்னகை இறுகிவிட்டது. ஏழாவது தாயில் அவர் கேதீசனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். கேதீசன் கோப்பைத் திறந்து, அந்தப் பெரிய கையெழுத்தைக் காட்டிவிட்டு, எட்டாவது பெயரை வாசித்தார். கடைசியில் மேர்சி வந்தார். சாவி பிரதம அதிதியின் கையிலிருந்து அவர் கைக்கு மாறியது. பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் போனில் படம் பிடித்தார்கள்.

அப்போது நேரம் பன்னிரண்டரை தாண்டியிருந்தது. அது குழந்தைகள் தூங்க வேண்டிய நேரம். தூக்கம் கெட்ட பதினேழு குழந்தைகள் மேடையில் இருக்க, நிகழ்ச்சி நிரலின்படி கேதீசன் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினார்.

"மாமனிதர் பிள்ளை ஆடம்பர உடைகளை வெறுத்தவர்."

ஜெறோம் தாயின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினான். காற்சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, பிரதம அதிதியின் முன்னால் வெறும் உடம்போடு ஓடினான்.

"ஏழைகளின் துயர் கண்டு காலையும் மாலையும் கண்ணீர் சிந்தியவர்."

பாண்டுக்காரப் பையன் எதற்கோ பெரிய மேளத்தை ஒரு தட்டுத் தட்டினான். ஒன்று அழுதது. ஒன்று அழுதால் போதும். பதினேழும் சேர்ந்து அழுததில் ஒலிபெருக்கியே கீச்சிட்டது.

"அழுகையை நிறுத்தச் சொல்" என்று பணிப்பாளர் மேர்சியைப் பார்த்துச் சீறினார். அவசரத்தில் சிங்களத்திலேயே நேரடியாகப் பேசிவிட்டார்.

மேர்சி, கேதீசன் மொழிபெயர்க்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அது அவரது உரிமை. பிறகு புத்தகத்தைச் சுட்டிக்காட்டினார். "ஏழைங்களுக்காக அழுவுறாருன்னு நீங்கதானேங்க போட்டிருக்கீங்க. நிப்பாட்டுனா வரலாறு பிழையாயிருமே."

படப்பிடிப்பாளர்கள் பார்க்கிறார்கள் என்பதை உணர்ந்த பணிப்பாளர், முகத்தில் பாசத்தை வரவழைத்துக்கொண்டு விஜயகலாவின் மகள் பக்கம் குனிந்தார். தட்டிலிருந்த பாற்சோற்றில் ஒரு துண்டை அவள் வாயில் வைத்தார்.

"தமக்கு ஒவ்வாததை எவர் முகத்திலும் தயங்காது" என்று கேதீசன் வாசித்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தை அவர் முடிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

கூட்டம் முதலில் திகைத்தது. பிறகு பின்வரிசையில், தொழிற்சங்கத் தலைவருக்கு அருகில், யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் முன்வரிசை வரைக்கும் வந்தது. சிங்களவரும் தமிழரும் சேர்ந்து கைதட்டிய நிகழ்ச்சி எங்கள் ஊரில் அதற்கு முன் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

மேர்சி அதற்கெல்லாம் நிற்கவில்லை. மேடையை விட்டு இறங்கி நேராகக் காம்பராவுக்குப் போனார். பட்டு நாடா கட்டியிருந்தது. கத்தரிக்கோல் பிரதம அதிதியிடம் இருந்தது. மேர்சி நாடாவைக் கையால் ஒதுக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனார். பின்னாலேயே பதினேழு தாய்மாரும் போனார்கள். சற்று நேரத்தில் உள்ளே உத்தரத்தில் தூளிகள் ஏறுவது தெரிந்தது. அழுகை ஒவ்வொன்றாக அடங்கியது.

பணிப்பாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பிரதம அதிதி, பிரதேச அலுவலர்கள், பொலிஸ், பாண்ட் குழு. பணிப்பாளர் வாயைத் திறந்தார்.

மேர்சி வாசல்படிக்கு வந்து விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தம் போடாதீங்க" என்றார். "தூங்குது."

அதற்கு மேல் என்ன செய்வது என்று சபையின் விதிமுறையில் இல்லை. பிள்ளை உள்ளே உறங்குகிறார் என்று அவர்களே மூன்று மொழிகளில் அச்சடித்திருந்தார்கள். பிரதம அதிதி முதலில் காலணிச் சத்தம் கேட்காமல் பின்வாங்கினார். மற்றவர்களும் அப்படியே போனார்கள்.

மறுநாள் ஆறரைக்குக் கதவு திறந்தது. பதினேழு பேருக்கும் முழுப்பேர் விழுந்தது. பலகை இன்னும் வாசலில்தான் நிற்கிறது, கடைசிச் சொல்லின் மேல் மட்டும் யாரோ சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள். விஜயகலா தனக்கு எதுவும் தெரியாது என்கிறாள். மாமனிதர் பிள்ளையின் நீட்டிய வலது கையிலிருந்து மாமரம் வரை ஒரு கயிறு கட்டி, மேர்சி அதில் துணி காயப்போடுகிறார்.